பஞ்சாபகேசனின் பசை

பஞ்சாபகேசனுக்குத் தாம் காய்ச்சும் மைதாப் பசையில் ஏகப்பட்ட கர்வம். திருவனந்தபுரத்துச் சட்ட நூலகம் ஒன்றில் அந்நிய நாட்டுச் சட்டங்கள் அவர் பொறுப்பு. இலங்கையிலோ மலாயாவிலோ ஒரு சட்டம் திருத்தப்பட்டால், திருத்தத்தை அச்சிட்ட சீட்டு தபாலில் வரும். அதைப் புத்தகத்தில் பழைய வரிகளின்மேல் ஒட்ட வேண்டும். அவர் ஒட்டியதைப் பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. பசையின் பக்குவத்தைப் பம்பாய், கொழும்பு, மெட்ராஸ் என்று தம்மைப் போன்ற நூலகர் சிநேகிதர்களுக்கெல்லாம் எழுதி அனுப்பியிருந்தார். வருஷம் ஒருமுறை எல்லோரும் கூடும்போது, சீட்டுகளை ஒட்டாமலே போட்டுவைக்கும் மெட்ராஸ் லீலாபாயைச் சபையில் வைத்துக் கேலி செய்வார். லீலாபாயும் சிரித்துக்கொள்வார்.

1953-இல் வந்தது வினை. உள்ளூர்ச் சாலைக் கடைத்தெரு சொர்ணம்மாளின் புருஷன் கொழும்பில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதில் அவளுக்குப் பங்கே இல்லை என்று கொழுந்தன் கோர்ட்டுக்குப் போனான். புருஷன் இறந்தபோது இலங்கையில் இருந்த சட்டத்தைக் காட்டிவிட்டால் பங்கு கிடைக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை.

அவள் வக்கீல் தாணுலிங்கம் அவளையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்து புத்தகத்தைத் திறந்தார். “சாரே, இது போன வருஷம் திருத்தினதாக்கும். அவரு செத்தது அதுக்கு முன்னாடி. பழசு எங்க?”

“அதுக்கு அடியிலதான் இருக்கு” என்றார் பஞ்சாபகேசன். ஒட்டிய சீட்டைத் தொட்டுக் காட்டினார்.

நீராவி காட்டினார், பிளேடால் சுரண்டினார். சீட்டோடு பழைய எழுத்தும் உரிந்து வந்தது. எதிர் பெஞ்சில் சொர்ணம்மாள் முந்தானையை முறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பம்பாய்க்கும் கொழும்புக்கும் தந்தி அடித்தார். இரண்டு ஊரிலிருந்தும் ஒரே பதில்: பசை அருமை, சீட்டு பிரியவில்லை. அத்தனை ஒழுங்கான மனிதர்கள்!

மிச்சம் லீலாபாய்தான். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அங்கும் ஒரு தந்தி அடித்தார்.

வியாழக்கிழமை ரயிலில் லீலாபாயே வந்து இறங்கினார். “தபால்ல தொலைஞ்சிட்டா என்ன செய்ய? அதான் நானே தூக்கிட்டு வந்தேன் சார்.” அச்சாபீஸிலிருந்து வந்த மேனிக்கு இருந்தது புத்தகம். சீட்டுகள் உறை பிரிக்காமல் உள்ளே செருகியிருந்தன.

மறுநாள் நீதிபதி அந்தப் பழைய பக்கத்தைப் படித்தார். சொர்ணம்மாளுக்குப் பங்கு உண்டு என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வந்ததும் அவள் லீலாபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ மட்டும் ஒட்டியிருந்தா நான் தெருவிலல்லா நின்னிருப்பேன், மக்களே!”

“நான் எங்க ஒட்ட? சோம்பேறியாச்சே!” என்று லீலாபாய் சிரித்தார்.

பஞ்சாபகேசன் அவரை நூலகத்துக்கு அழைத்துப்போய், புதிதாக வந்திருந்த ஒரு சீட்டின் மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டினார். லீலாபாய் அதைத் தூக்கினார். அடியில் பழைய வரிகள் தெளிவாகத் தெரிந்தன.

“எல்லாருக்கும் இப்படி ஒட்டச் சொல்லி எழுதணும்” என்று பேனாவை லீலாபாயிடம் நீட்டினார். “நீங்களே எழுதுங்கோம்மா. நான் எழுதினா இனிமே ஒருத்தரும் நம்ப மாட்டா.”