பிணை நின்றவன் படம்

“இதை ஆர் இஞ்சை கொண்டந்து வைச்சது?”

“செத்த ஆக்களின்ரை படம் வைக்கிற மேசைதானே? ஆர் வைச்சால் என்ன?”

“உனக்கு விளங்காது லீசா. இது துரோகியின்ரை படம். மற்றச் சனத்தோடை இது இருக்கேலாது.”

“கத்தாதேங்கோ. மலர் குசினிக்கை நிக்கிறாள்.”

“நிக்கட்டும். அவளுக்குத் தெரியாத கதையே?”

மரியமலர் கேத்திலைக் கீழே வைத்தாள். 

நோர்வேயில், புருசெத் மண்டபத்தில் ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. வருடாவருடம் நொவெம்பரில் எல்லாரும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் படங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். மரியமலர் தன் அண்ணன் எலியாஸின் படத்தை ஒருநாளும் வைத்ததில்லை. இந்த முறை எலியாஸின் மகன் டானியல் கேட்டுவிட்டான். “அப்பான்ரை படத்தை ஏன் மாமி நாங்கள் வைக்கிறேல்லை?” தாயும் இல்லாத பிள்ளை. கைக்குழந்தையாக நோர்வேக்குத் தூக்கி வந்து வளர்த்தவள் அவள்தான். தகப்பன் ஷெல் விழுந்து செத்தார் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

அவள் வெளியே வந்தபோது அல்பேர்ட் படத்தை ஒரு கடைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். கோயில் கமிற்றித் தலைவர், லீசாவின் புருசன். ஊரில் எலியாஸின் உயிர்ச் சிநேகிதன்.

“அல்பேர்ட் அண்ணை, அதைத் தாங்கோ.”

“உன்னிலை எனக்குக் கோவமில்லைப் பிள்ளை. ஆனால் இயக்கம் சும்மா ஒருத்தரையும் சுட்டதில்லை. உன்ரை கொண்ணன் மைக்கிலை தன்ரை வாயாலை ஒத்துக்கொண்டவன். ஊரே கேட்டது.”

“நீங்கள் கேட்டனீங்களோ?”

அல்பேர்ட் பையின் வாயை முடிந்தார்.

“அந்த நேரம் நீங்கள் கொழும்பிலை. எப்பிடிப் போனனீங்கள் எண்டு இவையளுக்குச் சொல்லட்டே?”

இளையவர்களுக்கு இது தெரியாது. அப்போது வன்னி இயக்கத்தின் ஆட்சியில் இருந்தது. பொலிஸ், கோர்ட், வரி எல்லாம் அவர்களுடையது. வெளியே போக அவர்களிடம்தான் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்க ஒரு ஆளைப் பிணை வைக்க வேண்டும். போனவன் திரும்பாவிட்டால் பிணை நின்றவன் பதில் சொல்ல வேண்டும். தாயின் கண் ஒப்பரேசனுக்கென்று அல்பேர்ட் போனார். பிணை நின்றவன் எலியாஸ். அல்பேர்ட் திரும்பவில்லை.

தகவல் கொடுக்க அல்பேர்ட்டை ஆமியிடம் அனுப்பினவன் என்று எலியாஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பங்கருக்குள் தலைகீழாகக் கட்டி அடித்தார்கள். ஆலடிச் சந்திக்குக் கொண்டுவந்தபோது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. கால் நகம் ஒன்றும் இல்லை. ஒரு கண் மூடிக் கிடந்தது. கடைகளைப் பூட்டச் சொல்லிச் சனத்தைக் கூட்டினார்கள். எலியாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ஓம், நான்தான் அனுப்பினனான்” என்றான். மைக்கை எடுத்த பிறகும் அவன் வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் நின்ற மரியமலருக்கு அது கேட்கவில்லை. பிறகு வெடிதான் கேட்டது. சனம் அசையாமல் நின்றது. அவளும்தான்.

“சுட்டவையோ?”

மரியமலர் திரும்பினாள். டானியல் கையில் இரண்டு இரும்புக் கதிரைகளோடு நின்றான்.

“ஷெல் எண்டெல்லோ மாமி சொன்னனீங்கள்?”

“பொய் சொன்னனான் தம்பி. இவருக்குப் பிணை நிண்ட கொப்பாவை, இவரை ஆமியிட்டை அனுப்பினவர் எண்டு சுட்டவை.”

“அந்தப் பையைத் தாங்கோ அங்கிள்.”

“துரோகிக்குப் பிறந்ததுக்கு வாயைப் பார்,” என்றார் அல்பேர்ட்.

முதல் கதிரை அவருடைய வாயில் பட்டது. பல் தெறித்து ரோல்ஸ் தட்டில் விழுந்தது. அவர் விழ, டானியல் அவர் மேல் ஏறியிருந்து முகத்தில் குத்தினான். “சொல்லுங்கோ. அப்பா உங்களை ஆமியிட்டை அனுப்பினவரோ? சொல்லுங்கோ.” மூக்கு உடைகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தேத்தண்ணிக் கோப்பைகளோடு சனம் சுவரோடு ஒதுங்கி நின்றது. லீசா மட்டும் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தாள்.

மரியமலர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். அவள் அல்பேர்ட்டின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லை,” என்றார் அல்பேர்ட், இரத்தத்தைத் துப்பியபடி. “அவனுக்கு ஒண்டும் தெரியாது. நான் வருவன் எண்டுதான் நிண்டவன். நான்தான் ஓடி வந்தனான்.”

அதன் பிறகுதான் அவள், “விடு தம்பி” என்றாள்.

டானியலை நோர்வேப் பொலிஸ் விலங்கு போட்டுக் கொண்டுபோனது. அல்பேர்ட்டுக்குத் தாடை முறிவு. ஒரு கண் தப்புமோ தெரியாது. படம் இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. மரியமலர் அதைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். இனியாவது அண்ணனை மேசையில் வைக்கலாம், எல்லாரும் கேட்டுவிட்டார்களே என்றுதான் அவள் நினைத்தாள்.

அடுத்த கிழமை லீசா வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“படம் வைக்கேலாதாம் மலர். கமிற்றியிலை கதைச்சவை. அடி தாங்கேலாமல் சொன்னதை எப்பிடி எடுக்கிறதாம்?”

“உண்மையைத்தானே சொன்னவர்.”

“அடிச்சால் ஆர்தான் சொல்லமாட்டினம்? கொண்ணரைப் பற்றி நீயே எத்தினை தரம் எனக்குச் சொன்னனி?”

மரியமலர், “இப்ப ஒருத்தரும் அடிக்கேல்லை. போய்க் கேள்” என்றாள்.

“கேட்டனான். கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டனான். சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். ஆலடிச் சந்தியிலை முன்னுக்கு நிண்ட ஆரும் வந்து சொன்னால் வைக்கலாமாம்.”

அந்த நொவெம்பரும் படம் இல்லாமலே பூசை நடந்தது. டானியல் மறியலில் இருக்கிறான். மரியமலர் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பார்க்கப் போகும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறான். “மைக்கை எடுத்தாப்பிறகு அப்பா என்ன சொன்னவர் மாமி?”

ஆலடிச் சந்தியில் அன்று முன்வரிசையில் நின்ற யாராவது இதை வாசித்தால், எலியாஸ் கடைசியாகச் சொன்னது உங்களுக்குக் கேட்டதா? கேட்டிருந்தால், நல்லதோ கெட்டதோ, தயவுசெய்து கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். உங்களை ஒருவரும் அடிக்கவில்லை.