கையெழுத்துப் போட வேண்டிய இடம்

பூட்டு ரிப்பேர்காரரின் மனைவி இறந்து ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, வருமான வரி அலுவலகத்தின் ஒப்புகைச் சீட்டு தபாலில் வந்த கையோடு வீட்டுக்குத் திரும்பினாள். முதலில் அவளுடைய இருமல் வந்தது. பின்னால் அவள் வந்தாள். சாப்பாட்டு மேஜையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி அன்றிலிருந்து கோடையிலும் சில்லென்று இருந்தது. அவள் முன் வைத்த தண்ணீர் குறையவே இல்லை. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டு, துணி க்ளிப் நாலு கடன் வாங்கிப் போனாள். தபால்காரர் மட்டும் கொஞ்ச நாள் கடிதங்களை வாசலில் போட்டுவிட்டு நடையைக் கட்டினார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

உயிரோடு இருந்தபோது அவள் ஒரு வரி ஆலோசகரிடம் இருபத்தாறு வருஷம் படிவம் நிரப்பினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவாள். எத்தனையோ ஆயிரம் படிவங்களில் ஒன்றில்கூட அதை மறந்ததில்லை. வீட்டுப் படிவமும் அவள் கைதான். குறியைப் பார்த்துக் கையெழுத்திடுவதோடு கணவர் வேலை முடிந்தது. அவள் போன பிறகு முதல் முறையாக மனுஷர் தானே உட்கார்ந்து, போன வருஷத்துப் பிரதியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதினார். ‘வாழ்க்கைத் துணை உயிருடன் உள்ளாரா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்ததும் அப்படித்தான். ஊரில் பாதிப் பேர் செய்கிற தப்பு. அழுதுகொண்டே எழுதியதில் கண்ணாடி மங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அடுத்த இரண்டு படிவங்களையும் அவளுக்குத் தெரியாமல் அவரே பார்த்தெழுதி அனுப்பினார். ஒரு மத்தியானம் அவர் சாவி அராவிக்கொண்டிருந்தபோது, அவள் கருவிப் பெட்டிக்கு அடியிலிருந்து மூன்று பிரதிகளையும் எடுத்துப் படித்தாள்.

“நான் இருக்கேன்னு எழுதியிருக்கீங்களே!”

“இருக்கியே. அப்புறம் என்ன?”

“முதல்ல எழுதறப்ப இல்லையேங்க. நீங்க எழுதினதாலதானே வந்திருக்கேன். என் பேர்ல சலுகை வேற வாங்கியிருக்கீங்க.”

அவர் அரத்தைக் கீழே வைத்தார். “இப்ப யாரு கேட்டாங்க?”

“கேக்கறதுக்கு முன்னாடியே நாம திருத்திடணும். அவங்க கடுதாசி வந்தப்புறம் திருத்தினா அபராதம்.”

மூன்றையும் திருத்த அந்த வருஷக் கடைசிவரை அவகாசம் இருந்தது. வேலையென்றால் அவள் எப்போதும் கறார். ஒரு வருஷத்துக்கு ஒரு படிவம், எல்லாவற்றையும் ஒரே உறையில் திணிக்கக் கூடாது. மாறுகிற வரியை மட்டும் மாற்றிக் காரணத்தைச் சுருக்கமாக எழுத வேண்டும், கதை அளக்கக் கூடாது. குறைவாகக் கட்டிய வரியைக் கூடவே கட்டிவிட வேண்டும். காரணம் என்ற இடத்தில் அவர் ‘மனைவி இறந்துவிட்டாள்’ என்று எழுத, அவள் பக்கத்தில் நின்று பிழை பார்த்தாள். முதல் திருத்தம் ஏற்கப்பட்ட அன்று அவளுடைய காலடிச் சத்தம் போயிற்று. இரண்டாவது ஏற்கப்பட்ட அன்று இருமல் நின்றது. மூன்று வருஷமாக அந்த இருமலைக் கேட்டுத் தூக்கம் கெட்டவர், அது இல்லாத வீட்டில் உட்கார முடியாமல் தெருவில் போய் நின்றார்.

மூன்றாவதோடு அவளே போய்விடுவாள் என்பது இருவருக்கும் தெரியும். “இது ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே” என்று கெஞ்சினார். “ஊருக்கெல்லாம் ஒழுங்கா எழுதிக் குடுத்துட்டு நம்ம வீட்டுல பொய்யா?” என்றாள். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கையில் படிவத்தை நிரப்பி அவர் முன் வைத்தாள்.

அவர் பேனாவோடு பென்சில் குறியைத் தேடினார். இல்லை. பின்பக்கமும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவள் உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டு, படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. வரி பெற்றுக்கொள்ளப்பட்டது, கையெழுத்து இல்லாததால் படிவம் செல்லாது, அவகாசம் முடிந்துவிட்டபடியால் முந்தைய விவரமே நிலைக்கும். அவள் அதைப் படித்து, துளையிட்டு, கோப்பில் சேர்த்தாள்.

அடுத்த வருஷப் படிவத்தில் அந்தக் கட்டம் அலுவலகத்திலேயே ‘ஆம்’ என்று அச்சாகி வந்தது. சலுகையை மட்டும் அவள் அடித்துவிட்டு, படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். கீழே பென்சில் குறி இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.