இடது பக்கத்துக் காற்று

பானுப்ரியாவின் உடம்பில் என்னவோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, அவள் வீட்டுக்காரர் பழனிக்குமார். காரில் ஏறிய செத்த நேரத்துக்கெல்லாம் அவளுக்கு வேர்த்து ஊற்றும். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனுசன் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். "ஏசி பத்தலைங்க" என்றால், "எனக்கு ஜில்லுனு இருக்கு. உனக்கு உடம்புச் சூடு புள்ள, நாப்பது ஆயிருச்சுல்ல" என்பார். தேங்காய் வியாபாரி அவர். காயைத் தட்டிப் பார்த்துத்தான் எதையும் சொல்வார். மனைவி விஷயத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை.

சொல்லச் சொல்ல அவளும் நம்பிவிட்டாள். ஊறவைத்த வெந்தயம், மோர், நுங்கு எல்லாம் ஆயிற்று. திண்டுக்கல்லில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டு அவளுக்குப் பயம் கூடத்தான் செய்தது. சோதனையிலேயே அகப்படவில்லை என்றால் பெரிய நோயாகத்தானே இருக்கும்? அப்புறம் கார்ப் பயணம் என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் தங்கிக்கொண்டாள். தங்கை மகள் சடங்குக்குக்கூடப் போகவில்லை.

இந்தச் சித்திரையில் ஒருநாள் பழனிக்குமார் லாரியோடு வத்தலக்குண்டு போயிருந்தார். கார் வாசலில் நின்றது. அவளிடம் லைசென்ஸ் உண்டு. ஆனால், "நத்தம் ரோட்டுல பஸ்காரன் பறக்குறான், உனக்கு எதுக்கு?" என்று அவர் சாவியைக் கொடுத்ததில்லை. குறை வண்டியிலா, தன்னிடமா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற வைராக்கியம் அன்றைக்கு வந்தது. சாவியை எடுத்துவிட்டாள்.

சாணார்பட்டியைத் தாண்டவில்லை, முகத்தில் குளிர்காற்று அடித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏசி நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியானால் கெட்டுப்போனது நான்தான். ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினாள். கண்ணைத் துடைத்தபோதுதான் கவனித்தாள், நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. இடது சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினாள். மணிக்கட்டில் வெதுவெதுவென்று காற்று பட்டது. ஒரு கையை அந்தப் பக்கத்துக் காற்றிலும் ஒரு கையைத் தன் பக்கத்துக் காற்றிலும் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அப்படியே திண்டுக்கல்லுக்கு ஓட்டினாள். அங்கே கார் ஏசி வேலை பார்க்கிற ஜெரோம் பானெட்டைத் திறந்து, கேஸ் அளவைப் பார்த்தான். ஒரு பைப் மூட்டில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினான். "இதுலதான் கேஸ் கசிஞ்சிருக்குக்கா. கேஸ் கொறைஞ்சா உள்ள இருக்குற கூலிங் காயிலு பாதிதான் குளுரும். இந்த வண்டிக்கு டிரைவர் பக்கம் மட்டும் ஜில்லுனு வரும். ரப்பர் வளையத்த மாத்தி கேஸ் ஏத்திட்டா சரியாப்போகும். செத்த உக்காருங்க."

"இன்னைக்கு வேணாம் தம்பி. நாளைக்குக் கொண்டு வாரேன்."

"ஏன்க்கா?"

"அந்த சீட்டுல ஒருத்தர உக்கார வைக்கணும்."

மறுநாள் எரியோட்டில் ஒரு கிரகப்பிரவேசம். லோடு ஏற்றி வந்த அலுப்பில் இருந்த பழனிக்குமார், அவள் ஓட்டுகிறேன் என்றதும் முனகிக்கொண்டே இடது பக்கம் ஏறினார். கொஞ்ச தூரத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"ஏ பானு, ஏசியப் போடு."

"போட்டுத்தான் இருக்கு. எனக்கு ஜில்லுனு இருக்கு. உங்களுக்கு உடம்புச் சூடுங்க."

ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை.

"உடம்புச் சூடா? எனக்கா? போடி, வண்டியில கோளாறு. மொதல்ல ஷெட்டுக்கு விடு!"

சிரிக்கலாம் என்றுதான் இருந்தாள். சிரிப்பு வரவில்லை. பத்து நிமிஷம் வேர்த்ததற்கே அவர் வண்டியைக் குற்றம் சொல்லிவிட்டார். தன் உடம்பைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. அவளோ ஒரு வருஷமாக வெந்தயத்தை விழுங்கிக்கொண்டு, சாவைப் பற்றிக்கூட யோசித்துவிட்டாள். எட்டி அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்துக் காற்றில் வைத்தாள். பழனிக்குமார் கையை எடுக்கவில்லை.

ஷெட்டில் ஜெரோம் புதிதாகப் பார்ப்பவன் போலவே கேட்டான். "எப்ப இருந்துண்ணே இப்படி?"

பழனிக்குமார் அவளை ஒரு தரம் பார்த்தார். "போன வருசம் சித்திரையில இருந்துப்பா. தேர் பாக்கப் போனோம்ல, அன்னைக்குத்தான் மொதல்ல சொன்னா."

தேர் பார்க்கப் போன நாள்கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்னது எதுவும் அவர் மனசில் பதியவில்லை போலும் என்றுதான் இத்தனை நாளும் அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் பதிந்துதான் இருந்திருக்கிறது.

"சாவி குடு, நான் எடுத்து நிறுத்துறேன்" என்று கையை நீட்டினார்.

"இருக்கட்டும்," என்று அவளே ஏறி வண்டியை உள்ளே விட்டாள்.