ரேடியோ அக்கா சுவிசேஷம் சொன்ன கதை

சட்டை தைக்கும் ஃபேக்டரியில் இஸ்திரி போடும் அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். காலை எட்டு மணிக்கு மேனேஜர் வீட்டில் சண்டை என்று அவள் காதில் விழுந்தால், எட்டரைக்குள் பேக்கிங் பிரிவுவரை போய்ச் சேர்ந்துவிடும். போகிற வழியில் சண்டைக்குக் கையும் காலும் முளைத்திருக்கும்.

அப்படிப்பட்டவள் நாற்பத்துமூன்றாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். தலையைத் துவட்டி முடிப்பதற்குள் பாஸ்டர் ஐந்து பக்க நோட்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். பாஸ்டருக்கு இருபத்தொன்பது வயது. எதையும் முறைப்படி செய்கிறவர். சுவிசேஷம் அறிவிக்க ஏழு படிகள் என்று அதில் எழுதியிருந்தது.

அக்கா ஏழையும் மனப்பாடம் செய்தாள். விளைவு, திங்கட்கிழமை முதல் அவள் வாயிலிருந்து பேச்சே வரவில்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்று யோசிக்கவே நேரம் போதவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தம் மட்டும் உஸ் உஸ்ஸென்று கேட்டது. பேக்கிங் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடி, ரேடியோவுக்கு கரண்ட் போயிடுச்சா?"

"தொண்டையில ஏதாவது ஆபரேஷனா இருக்கும். பாவம்."

புதன்கிழமை அவள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கட்டிங் மாஸ்டரிடம் போய் நின்றாள். மாஸ்டர் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்... உங்க உள்ளத்துக்குள்ள ஒரு வெற்றிடத்தை உணர்றீங்களா?"

மாஸ்டர் நிமிர்ந்தார். "ஆமாம்மா, காலையில சாப்பிடல. உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

அன்று வேலை முடிந்ததும் அவள் நேரே சபைக்குப் போனாள். பாஸ்டர் மேடைக்குக் கீழே படுத்து மைக் வயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது சரிப்பட்டு வராது பாஸ்டர். வேற ஆளைப் பாருங்க" என்று நோட்ஸை அவர் வயிற்றின் மேல் வைத்தாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "என்னக்கா, ஊர்க் கதையெல்லாம் மடமடன்னு சொல்ற ஆளு நீங்க."

"அது நடந்த விஷயம் பாஸ்டர். நடந்ததைச் சொல்ல எதுக்குப் படி? கேட்டதும் தானா வாய்க்கு வந்துடும். போன மாசம் நீங்க பிரசங்கத்துல சொன்னீங்களே, இயேசு உனக்காக செத்து எழுந்துட்டாரு, உன்னை மன்னிச்சாச்சுன்னு. மன்னிப்பாரான்னு இல்ல, மன்னிச்சாச்சுன்னு! அதைக் கேட்டப்போ பாதிப் பிரசங்கத்துலயே எழுந்து ஓடிப்போய் சொல்லணும்னு எனக்குக் காலு பரபரன்னுச்சு."

பாஸ்டர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். "யார்கிட்டக்கா சொல்லணும்னு தோணுச்சு?"

"என் தங்கச்சிகிட்ட. நாங்க பேசி ஒன்பது வருஷம் ஆச்சு."

"அப்போ போங்க. இயேசு எழுந்துட்டாருன்னு சொல்லக் கல்லறையிலேர்ந்து ஓடி வந்த பொம்பளைங்க நோட்ஸா எடுத்துட்டு ஓடுனாங்க?" என்று சொல்லிவிட்டு, தான் எழுதிய ஏழு படிகளைத் தானே பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்.

அவள் ஓடினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒரு செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்று தெரு தாண்டித் தங்கை வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் மூச்சிரைக்க நுழைந்து, கண் சோதிக்கும் அறையின் திரையை விலக்கினாள். வெள்ளைக் கோட்டு போட்ட தங்கை அட்டையில் எதையோ எழுதிக்கொண்டே, "உட்காருங்க. தூரத்துல தெரியலையா, கிட்டத்துல தெரியலையா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். முகம் மாறியது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒரு செய்தி சொல்ல வந்தேன்."

"உன் செய்தியால நான் பட்டது போதும்."

ஒன்பது வருடத்துக்கு முன் தங்கை ஒருவரை விரும்பினாள். வீட்டில் பக்குவமாகச் சொல்ல நினைத்து, முதலில் அக்காவிடம் மட்டும் சொன்னாள். மறுநாளே ஊருக்கே தெரிந்துவிட்டது. வீட்டில் பெரிய ரகளையாகி, அந்த மனிதர் பயந்து விலகிப் போய்விட்டார்.

"இது உன் விஷயம் இல்லடி, என்னோடது" என்றாள் அக்கா. "வாய் தவறி சொல்லிட்டேன்னுதானே இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் சொல்றேன்? பொய். எனக்கு வயித்தெரிச்சல். என் புருஷன் விட்டுட்டுப் போன வருஷம் அது. உனக்கு மட்டும் நல்லது நடக்குதேன்னு வேணும்னேதான் சொன்னேன். இதைக் கடவுள்கிட்ட சொல்லி அழுதேன். அவரு மன்னிச்சுட்டாருடி! எனக்கு சந்தோஷம் தாங்கல. அந்த சந்தோஷத்துல உன்கிட்ட உண்மையைச் சொல்ற தைரியம் வந்துடுச்சு. என்னை மன்னிச்சுடு."

தங்கை என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் சோதனைக் கண்ணாடியை எடுத்து அக்காவின் மூக்கில் மாட்டினாள். கனமான அந்த வட்டச் சட்டத்துக்குப் பின்னால், கையில் செருப்போடு, அக்கா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேல் வரிசையைப் படி."

"ஒண்ணும் தெரியலடி. எல்லாம் தண்ணியா இருக்கு."

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் திரையை விலக்கிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

"உன் கடவுள் சட்டுன்னு மன்னிச்சிருக்கலாம். எனக்குக் கொஞ்ச நாளாகும்" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ."

கிளம்பும்போது தங்கை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். காதருகே வந்து, "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். இன்னும் யாருக்கும் தெரியாது" என்றாள்.

மறுநாள் இஸ்திரி மேசையில் ரேடியோ அக்காவின் வாய் நிற்கவில்லை. இயேசு எழுந்தார் என்பதில் தொடங்கி, தன் பொறாமை, தன் பொய், ஓடிய ஓட்டம், கண்ணாடிக் கடையில் அழுதது எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொன்னாள். பேக்கிங் பெண்கள் அட்டைப்பெட்டிகளை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். தங்கையின் கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. அது தொண்டைவரை வந்த இரண்டு தடவையும் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள்.

கட்டிங் மாஸ்டர் கையில் கத்தரிக்கோலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வேணும்னே செஞ்ச தப்புக்கும் மன்னிப்பு உண்டா?"

"அதுக்குத்தான் மாஸ்டர் முதல்ல!"

"அப்போ விவரமா சொல்லு" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அவர்.

"ஐயோ, காலர்!" என்று பேக்கிங் பெண்கள் கத்தினார்கள். சட்டைக் காலரின் மேல் மறந்து வைத்த பெட்டிக்கு அடியிலிருந்து புகை வந்தது. ரேடியோ அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மாஸ்டருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.