நாலு கை உப்பு

அன்று மதியம் அந்த மருத்துவமனை கேன்டீனில் சூப் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கடலையே மொண்டு ஊத்திட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் சமையல் மாஸ்டரைப் பிடி பிடியென்று பிடித்தார். இன்னொரு தடவை நடந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவாராம்.

பக்கத்து அடுப்பில் ரொட்டி சுடுகிற ரொட்டிக்காரர் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து மாஸ்டருக்கு நாக்கில் ருசி தெரியவில்லை என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சிநேகிதன் மனம் நோகக் கூடாதே என்று, அவன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து தினமும் ஒரு கை உப்பை அண்டாவில் போட்டுவந்தார். ஆனால் ஒரு கை உப்பா இப்படிக் கரிக்கும்?

விசாரித்தால் வண்டவாளம் வெளியே வந்தது. முந்தின நாள் ரொட்டிக்காரர் லீவு. சூப் சப்பென்று இருந்ததில் மற்றவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இன்று காய் நறுக்குகிறவள் ஒரு கை, பரிமாறுகிறவர் ஒரு கை, பாத்திரம் கழுவுகிறவள் ஒரு கை. எல்லாம் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காட்டிய கருணை!

"இனிமே நீங்க மட்டும் போடுங்கண்ணா. அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள் காய் நறுக்குகிறவள்.

"வேணாம்மா. நான் சொல்லிடறேன். அப்புறம் அவன் என் மூஞ்சியில முழிக்காட்டியும் பரவாயில்ல."

மாஸ்டர் பின்கட்டில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். ரொட்டிக்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எனக்கு ருசி தெரியலன்னு எனக்குத் தெரியாதாடா? அதனாலதானே தினமும் உன்கிட்ட எப்படி இருக்குன்னு கேட்டேன்? நீ பிரமாதம்னே. என் கை அளவு சரியா இருக்குன்னு நம்பிட்டேன்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"என் மனசா? சொல்ல உனக்குத் துப்பில்லன்னு சொல்லு."

"துப்பில்லதான்டா."

மாஸ்டர் எழுந்து போய்விட்டார். எப்போதும் சேர்ந்தே வீடு திரும்புகிறவர்கள், அன்று தனித்தனியாகப் போனார்கள். ரொட்டிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் இனி உப்பில் கை வைப்பதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

மறுநாள் அண்டா கொதித்ததும், மாஸ்டர் கரண்டியில் சூப்பை அள்ளி ஊதி ஊதி ஆற்றினார். எல்லாரும் பார்த்திருக்க, நேரே ரொட்டி அடுப்புக்கு வந்து நீட்டினார்.

"குடிச்சுப் பாரு. பொய் சொன்னே, இந்தக் கரண்டியாலயே போடுவேன்."

ரொட்டிக்காரர் குடித்தார். "சப்புனு இருக்குடா."

மாஸ்டர் உப்பு டப்பாவைத் திறந்து, தன் கையாலேயே போட்டார்.