ஐந்து மணிக்குள் ஒரு கட்டுரை

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஐந்து மணியோடு கெடு முடிகிறது. இப்போதே மணி நாலேகால். பிரவுசிங் சென்டரின் மூலையில் மகள் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். இது கிடைக்காவிட்டால் கல்லூரியே கிடையாது, அவ்வளவுதான். ஓடிபி எண் அப்பனின் கைபேசிக்கு வந்தாக வேண்டும் என்பதால் லாரி மெக்கானிக்கான அவரையும் கூட்டி வந்திருந்தாள். எண் வந்து, அந்த வேலையும் முடிந்துவிட்டது. அது தேவைப்படாவிட்டால் அந்த மனுஷனை யார் கூப்பிடப் போகிறார்கள்!

"டீச்சர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்கப்பா. கட்டுரையில உயிரே இல்லையாம். பட்ட கஷ்டத்தை எழுதணுமாம்."

"தள்ளு, பாக்கறேன்."

"வேணாம்ப்பா."

எட்டிப் பார்த்தார். 'என் தந்தை லாரிப் பட்டறையில் அல்லும் பகலும் உழைத்து என்னைப் படிக்க வைத்தார்.' பட்டறைப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்தே மூன்று வருஷம் ஆகிறது. செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

"யாரும்மா இது? பக்கத்து வீட்டுக்காரனா?"

அவள் சிரிக்கவில்லை.

"அழி. நான் சொல்றதை எழுது. அப்பன் குடிகாரன். அம்மா தையல் கம்பெனியில ரெண்டு ஷிப்ட் பாக்கறா."

"சும்மா இருங்கப்பா. மானம் போயிடும்."

"தெருவுக்கே தெரிஞ்சதுதானே! நான் போடற சத்தம் தாங்காம மாடிப்படியில உக்காந்து படிச்சியே, அதை எழுது."

அவள் விரல்கள் நின்றன. "அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமாப்பா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகவேகமாகத் தட்ட ஆரம்பித்தாள். அவருக்குப் பயந்து கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டது, பரீட்சை அன்று புத்தகங்கள் வாசலில் கிடந்தது, அம்மாவின் வீங்கிய கண், எல்லாம் வந்து விழுந்தன. மெக்கானிக் ஒவ்வொரு வரியையும் படித்தார். எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

நாலு ஐம்பத்தைந்துக்குக் கடைசி வரி வந்தது. 'இப்போது என் தந்தை குடியை அடியோடு விட்டுவிட்டார்.'

காலையில்தான் குடித்திருந்தார். பக்கத்தில் இருப்பவளுக்கு அந்த வாடை தெரியாமலா இருக்கும்?

"அதையும் அழிச்சிடும்மா," என்றார்.

"இது ஒண்ணாவது இருக்கட்டும்ப்பா," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.