நடுவில் ஒரு நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களில் ஒன்றைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். நீலகண்டன் மூன்று நாளாக அரைகுறையாகத்தான் சாப்பிடுகிறார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட மனுஷர் இவ்வளவு யோசிக்கவில்லை. தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் சரி சொல்லிவிட்டார்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். மகள் ஸ்நேகா கல்யாணமாகிப் புனேவுக்குப் போனதும் கரமனை வீட்டின் பின்னறை காலியாயிற்று. அதைப் பாட்டுக் கேட்கும் அறை ஆக்கினார். தரைக்குக் கம்பளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, சுவர் முழுக்க அலமாரி. ஸ்நேகாவின் கட்டிலையும் மேஜையையும் மச்சுக்கு ஏற்றிவிட்டு அறையின் நடுவில் கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டார். ஒன்றே ஒன்று. மனைவி சுப்புலக்ஷ்மி பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நீலகண்டனின் முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம்.

இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு சத்தத்துக்காக. எண்பத்தொன்பதாம் வருஷ நவராத்திரிக் கச்சேரி, கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். சட்டையைக் கழற்றிவிட்டு மூன்றாவது வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அங்கே யாரும் கை தட்டுவதில்லை. ராகம் முடிந்தாலும் அதே அமைதிதான். வயலின்காரர் பூர்விகல்யாணி ராகத்தில் மேலே ஏறிப் போய் நின்ற இடத்தில், வில்லுக்கும் தந்திக்கும் நடுவே இருந்த சொரசொரப்புகூட நீலகண்டனுக்குக் கேட்டது. முதுகில் மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் எத்தனையோ ரேடியோ, டேப், சிடி என்று வாங்கித் தீர்த்தார். அந்தச் சொரசொரப்பு மட்டும் எதிலும் வரவில்லை. கண்ணை மூடுவதற்குள் இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி.

முதல் ஜோடி, உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கம்பெனியுடையது. ஷோரூம்காரர்கள் வேனில் கொண்டுவந்து வைத்து, வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள் என்று போனார்கள். இரண்டாவது ஜோடி, வலியசாலையில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு வருஷத்துக்கு மூன்று ஜோடி மட்டும் செய்யும் வினீத்துடையது. பலா மரப் பெட்டி; சத்தம் எழுப்ப நடுவில் ஒற்றைக் காகிதக் கோன். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான்.

நாற்காலிக்கு நேரே நூல் பிடித்துப் பெட்டிகளை வைத்துவிட்டு வினீத் மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்: "சாரே, மூக்கு இந்தக் கோட்டுல இருக்கணும் கேட்டோ. ஒரு அடி அங்கிட்டு இங்கிட்டு மாறினா தீர்ந்துபோச்சு. இது ஒராளுக்கு உள்ள சாதனம்."

"ரெண்டு பேர் கேக்கணும்னா?"

"அதுக்கு மத்த கம்பெனிக்காரனோடது மதி, அது போதும். பொய் சொல்ல மாட்டேன்."

தன் சரக்கைப் பற்றி இப்படிப் பேசுகிறவன் எப்படிப் பிழைக்கப் போகிறானோ என்று நீலகண்டனுக்குக் கவலையாகக்கூட இருந்தது.

மூன்று நாளும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். அந்த வயலின்காரரே பிற்பாடு வானொலியில் வாசித்ததை ஒரு நண்பர் டேப் செய்து வைத்திருந்தார். அதே ராகம். கம்பெனி ஸ்பீக்கர், கல்யாண வீட்டில் எல்லோரையும் விசாரிக்கும் மாமாவைப் போல அறையில் எந்த மூலைக்கும் ஒரே மாதிரி வந்து சேர்ந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொரசொரப்பும் இல்லை. மத்தியானம் காப்பி கொண்டுவரும் சுப்புலக்ஷ்மி ராகம் முடியும்வரை வாசற்படியிலேயே நிற்பாள். டம்ளரை வாங்கிப் போகத்தான் நிற்கிறாள் என்று நினைத்து இவரும் மளமளவென்று குடித்துக் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வினீத்தின் பெட்டியில் அது வந்தேவிட்டது. வயலின் எதிரே நாலடி தூரத்தில் இருந்தது. வில் தந்தியைக் கடிக்கும் இடம் தனியாகக் கேட்டது. நீலகண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

"சுப்பு! இங்க வாயேன். கையில இருக்கறதைப் போட்டுட்டு வா!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் எழுந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டு, நிற்க வேறு இடம் இல்லாததால் வாசற்படிக்குப் போனார்.

வாசற்படியில் வயலினே இல்லை. ஏதோ மெலிந்த, அடைத்த சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல. வயர் கழன்றுவிட்டதோ என்று பதறினார். ஒரு அடி முன்னே போனார், பின்னே வந்தார். அப்புறம்தான் உறைத்தது: மூன்று நாளாக இந்தப் பெட்டி ஓடியபோதெல்லாம் வாசற்படியில் நின்று சுப்பு கேட்டது இதைத்தான்.

அவள் கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தன. வயலின் மேலே போய் நின்றதும் அவள் உடம்பு ஒருமுறை சிலிர்த்ததை அங்கிருந்தே பார்த்தார். டேப் ஓடி நின்றது.

"மழை இல்லாமக் கேட்டா இப்படியாக்கும் இருக்கும், இல்லையா?" என்றாள்.

"எந்த மழை?"

"நன்னாருக்கே. கல்யாணமான மறு வருஷம் என்னையும் மண்டபத்துக்குக் கூட்டிண்டு போனேளே? பொம்மனாட்டிகளை அப்ப உள்ள விட மாட்டா. நானும் இன்னும் மூணு பேரும் வெளி மணல்ல, மதிலோரமா நின்னோம். பாதி மழை, பாதி பூர்விகல்யாணி. கரமனை வர்றவரைக்கும் நீங்கோ சொரசொரப்பு சொரசொரப்புன்னு பேசிண்டே வந்தேள். எனக்கும் கேட்டுதான்னு ஒரு வார்த்தை கேக்கலை."

நீலகண்டனுக்கு அந்த நாளின் ஒவ்வொரு ஸ்வரமும் ஞாபகம் இருந்தது. மூன்றாவது வரிசை, வயலின்காரரின் மோதிரம், விளக்குகள் எல்லாம். இவளை மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தார். வெட்கம் காதுவரை ஏறியது. முப்பத்தைந்து வருஷமாகத் தனக்கென்று பொத்திவைத்திருந்த அந்த நாளில் இவள் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

"கம்பெனிக்காரனோடதே இருக்கட்டும்," என்றார் மெதுவாக. "இன்னொரு நாற்காலி போடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கலாம்." அந்தப் பலாப் பெட்டிகளைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

சுப்புலக்ஷ்மி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாம். வினீத்தோடதே இருக்கட்டும். ரெண்டு பேரும் சுமாராக் கேக்கறதுக்கு ஒருத்தராவது நன்னாக் கேக்கலாமே. அந்த ஒருத்தர் எப்பவும் நீங்களா இருக்கண்டாம், அவ்வளவுதான்." புடவைத் தலைப்பைச் சரிசெய்து சாய்ந்துகொண்டாள். "இன்னொரு தடவை போடுங்கோ. போட்டுட்டுக் கதவைச் சாத்திண்டு போங்கோ. குக்கர்ல அரிசி களைஞ்சு போட்டாச்சு, அடுப்பு மட்டும் பத்த வெச்சாப் போறும்."

அவர் போட்டார். கதவைச் சாத்தினார். சமையலறையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு நின்றார். சுவருக்கு அப்பாலிருந்து ராகம் துண்டு துண்டாக வந்தது. பாத்திரங்களுக்கு நடுவே நின்று காதைத் தீட்டிக்கொண்டு, விட்டுப்போனதையெல்லாம் தானாக நிரப்பிக் கேட்டுப் பார்த்தார். இப்படித்தான் கேட்டிருப்பாள். இத்தனை வருஷமும்.

வயலின் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் உச்சிக்குப் போய் நிற்கும். குக்கரும் சரியாக அதே நேரத்துக்குத்தான் விசில் அடிக்கும் என்று அவருக்குத் தோன்றியது. எட்டி அடுப்பை அணைத்தார்.

அன்றைக்கு அவர்கள் சாப்பிட மூன்று மணி ஆயிற்று.